கோட்டு இல்லாவிட்டால் விமானத்தில் ஏற்ற மாட்டார்களா?



அண்மையில் ஆசிரியர்களிடையேயும் பெற்றோரிடையேயும் புலனத்தில் ஒரு படம் சுற்றி வந்தது. உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். இடப்பக்கம் பழைய கறுப்பு வெள்ளைப் படம்: விமானப் படிக்கட்டில் கோட்டும் தொப்பியும் அணிந்த ஆடவர், கையுறை மாட்டிய மாதர். வலப்பக்கம் இன்றைய படம்: அரைக்கால் சட்டை, சிலிப்பர், கழுத்தில் தலையணை. கீழே, 'நாகரிகம் எங்கே போயிற்று?' என்றொரு கேள்வி.

மறுநாள் ஆசிரியர் அறையில் இதைப் பற்றித்தான் பேச்சு. நண்பர் ஒருவர் சொன்னார்: "திருச்சி விமானத்தில் ஏறிப் பாருங்கள் ஐயா, பேருந்து நிலையம் தோற்றுப்போகும். கைலி, ரப்பர் சிலிப்பர், கயிறு கட்டிய பெட்டி. நம் இனத்தாரைப் பார்க்க நமக்கே வெட்கமாக இருக்கிறது." சுற்றி இருந்தோர் தலையாட்டினர். சில ஆண்டுகளுக்கு முன்பு நானும் ஆட்டியிருப்பேன். இப்போது முடியவில்லை. ஏன் முடியவில்லை என்பதைக் கொஞ்சம் கோபத்துடனேயே எழுதுகிறேன், பொறுத்தருள்க.

முதலில் ஒன்று. இந்தப் புலம்பல் நம்மவர்க்கு மட்டும் உரியதன்று. 2025 நவம்பரில் அமெரிக்கப் போக்குவரத்து அமைச்சர் ஷான் டஃபி, விமானப் பயணத்தின் பொற்காலத்தை மீட்கப் போவதாக ஓர் இயக்கத்தையே தொடங்கினார். இரவு உடையிலும் வீட்டுச் செருப்பிலும் விமான நிலையத்துக்கு வராதீர்கள் என்று மக்களைக் கேட்டுக்கொண்டார். அவ்வியக்கம் பயணிகளிடம் சில கேள்விகளை முன்வைத்தது. கருவுற்ற பெண்ணுக்கோ முதியவருக்கோ பெட்டியை மேலே தூக்கி வைக்க உதவுகிறீர்களா? பிள்ளைகளைக் கட்டுக்குள் வைத்திருக்கிறீர்களா? விமானப் பணியாளருக்கு நன்றி சொல்கிறீர்களா? இவை பொன்னான கேள்விகள். எந்தத் தமிழாசிரியரும் கரும்பலகையில் எழுதிப் போடலாம். ஆனால் இவற்றின் நடுவே, மரியாதையாக உடுத்துகிறீர்களா என்ற கேள்வியும் நுழைந்து உட்கார்ந்துகொண்டது. உலகம் முழுவதும் அந்த ஒரு கேள்வியைத்தான் பிடித்துக்கொண்டு சண்டையிட்டது. பெட்டி தூக்கி உதவுவதைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

உடை தளர்ந்ததால் ஒழுக்கம் தளர்ந்தது என்பதுதான் இவர்களுடைய வாதம். எண்கள் அப்படிச் சொல்கின்றனவா என்று பார்ப்போம். அமெரிக்க வான்போக்குவரத்து நிர்வாகம் முரட்டுப் பயணிகளைப் பற்றிய புகார்களை ஆண்டுதோறும் எண்ணி வைக்கிறது. 2019இல் 1,161 புகார்கள். 2021இல் 5,973. இடையில் இரண்டே ஆண்டுகள். அவ்விரண்டு ஆண்டுகளில் மக்கள் திடீரெனக் கோட்டைக் கழற்றி இரவு உடைக்கு மாறிவிட்டனரா? இல்லை. அந்த 5,973இல் 4,290 புகார்கள் முகக்கவசம் பற்றியவை. பெருந்தொற்றுக் காலத்தில், அடுத்தவர் உடல்நலனுக்காக ஒரு துண்டுத் துணியை மூக்கின்மேல் அணிய மறுத்தவர்களால் வந்த கலகம் அது. கவசக் கட்டாயம் நீங்கியபின் எண்ணிக்கை இறங்கி, 2024இல் 2,100 அளவில் நின்றது. பழைய நிலைக்குத் திரும்பவில்லை என்பது உண்மை, அது கவலைக்குரியதுதான். ஆயினும் அந்தக் கணக்கில் சிலிப்பருக்கு எங்கே இடம்?

நிற்க. அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்துக்கு வருவோம். அந்தப் படிக்கட்டில் யார் நிற்கிறார்கள் என்று எல்லாரும் பார்க்கிறோம். யார் நிற்கவில்லை என்று பார்த்தோமா?

நான் பாடம் நடத்தும் லாபு வட்டாரம், நெகிரி செம்பிலானின் பழைய தோட்டப் பகுதி. முன்பு ரப்பர், இப்போது பெரும்பாலும் செம்பனை. 1998 ஜூனில் சிப்பாங்கில் அனைத்துலக விமான நிலையம் திறக்கப்பட்ட நாள்தொட்டு எங்கள் பிள்ளைகள் விமானத்தின் வயிற்றைப் பார்த்தே வளர்கிறார்கள். இந்த ஊரிலிருந்து பலர் அங்கு வேலைக்குப் போகிறார்கள். பெட்டி ஏற்றுகிறவர், தரை துடைப்பவர், சரக்குக் கிடங்கில் நிற்பவர் எனப் பலர். 2001இல் ஏர் ஆசியா ஒரே ஒரு ரிங்கிட்டுக்கும் சுமார் 40 மில்லியன் ரிங்கிட் கடனுக்கும் கைமாறி, 'இனி எல்லாரும் பறக்கலாம்' என்ற பொருள்படும் முழக்கத்தோடு மலிவுக் கட்டணச் சேவையைத் தொடங்கியது. அதற்கு முன் இந்தப் பகுதியில் விமானம் ஏறியவரை விரல்விட்டு எண்ணிவிடலாம். 2008இன் இறுதியில் கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கு மலிவுக் கட்டண விமானம் பறந்தபோதுதான், தன் தகப்பன் பிறந்த ஊரைப் பார்க்கும் எண்ணம் தோட்டத்துக் கிழவிக்குக் கைகூடியது.

இன்னொரு செய்தி இளைய ஆசிரியர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். அந்த மலிவுக் கட்டண விமானங்களுக்கென்றே தனி விமான நிலையம் ஒன்றை இந்த லாபுவிலேயே கட்டும் திட்டம் இருந்தது. சைம் டார்பி நிலத்தில், 1.6 பில்லியன் ரிங்கிட் செலவில், ஏர் ஆசியாவும் சைம் டார்பியும் சேர்ந்து வகுத்த திட்டம் அது. 2009 ஜனவரி இறுதியில் அரசாங்கம் அதைக் கைவிட்டது. அதற்கு மாற்றாக, இருந்த விமான நிலையத்துக்கு அருகிலேயே புதிய முனையம் எழுந்து 2014 மே மாதம் திறக்கப்பட்டது. அத்திட்டம் நல்லதா கெட்டதா என்பது வேறு வழக்கு. எல்லாரும் பறக்கும் விமான நிலையம் கிட்டத்தட்ட எங்கள் செம்பனைக் காட்டுக்குள்ளேயே வந்திருக்கும் என்பதைத்தான் சொல்ல வந்தேன். அப்படி வந்திருந்தால், அந்தக் காட்டில் குலை அறுத்துவிட்டு வருகிறவர் எந்த உடையில் அதற்குள் நுழைந்திருக்க வேண்டும்?

நம் முன்னோர் இந்நாட்டுக்கு வந்த பயணத்தையும் நினைத்துப் பாருங்கள். 1926இல் கட்டப்பட்ட 'ராஜுலா' கப்பல், சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று 1970களின் தொடக்கம் வரை ஓடியது. மேலே சில அறைகள். அவற்றில் நாற்காலியும் வெள்ளைத் துணி விரித்த மேசையும் உண்டு. எஞ்சிய ஆயிரக்கணக்கானோர் தளப் பயணிகள். பாய் விரித்த இடமே இருக்கை, படுக்கை, சமையற்கட்டு. கரை இறங்கியதும் தொழிலாளர்களை நோய்த்தடுப்பு முகாமில் அடைத்து வைத்தார்கள். அந்தக் காலத்தில் யாராவது கப்பல் பயணத்தின் பொற்காலம் என்று படம் எடுத்திருந்தால், அதில் மேல்தட்டின் நாற்காலிகள்தான் இருந்திருக்கும். பாயில் கிடந்த நம் பாட்டன் இருந்திருக்க மாட்டான். பொற்காலப் படங்கள் எல்லாமே அப்படித்தான் எடுக்கப்படுகின்றன.

இனி என் குற்றத்தைச் சொல்கிறேன். பிறரைச் சாடிவிட்டு நான் தப்பித்துக்கொள்வது முறையாகாது.

சில ஆண்டுகளுக்கு முன், எங்கள் பள்ளி மாணவர் அறுவர் புத்தாக்கப் போட்டி ஒன்றுக்காக இந்தோனேசியாவுக்குப் பறந்தார்கள். பொறுப்பாசிரியன் நான். தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் வெளிநாடு செல்லும்போது விமான நிலையத்தில் வரிசையாக நிறுத்திப் படம் எடுப்பதும், அது நாளிதழில் வருவதும் வழக்கமாகிவிட்டது. ஆகவே பெற்றோருக்கு ஒரு சுற்றறிக்கை எழுதினேன். கருநீலக் கோட்டு, கழுத்துப்பட்டை, கறுப்புத் தோல் காலணி ஆகியவை கட்டாயம். 'விமானப் பயணத்திற்குரிய தகுந்த உடை' என்று தலைப்பும் இட்டேன். அந்தத் தலைப்பை எழுதியபோது எனக்கு உண்டான பெருமிதம் இன்னும் நினைவிருக்கிறது, நினைக்கும்போது கூசுகிறது.

கோட்டின் விலை 160 ரிங்கிட். காலணி தனி. சுற்றறிக்கை போன மறுநாள் மாணவன் ஒருவனின் தாயார் பள்ளிக்கு வந்தார். நீலாயில் ஒரு தொழிற்சாலையில் துப்புரவு வேலை செய்பவர். அலுவலக வாசலில் நின்றுகொண்டு தாளை நீட்டிக் கேட்டார்:

"சார், கோட்டு இல்லாட்டி ஏரோப்ளேன்ல ஏத்த மாட்டாங்களா?"

நான் எழுதியதை அவர் விமான நிறுவனத்தின் சட்டம் என்று எடுத்துக்கொண்டார். எடுத்துக்கொள்ளும்படிதான் நானும் எழுதியிருந்தேன். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். "இல்லைம்மா, அது படத்துக்காக" என்று சொல்ல நாக்கு எழவில்லை. "எல்லாருக்கும் ஒரே மாதிரி இருந்தா நல்லா இருக்கும்மா" என்றேன். அவர் தலையாட்டிவிட்டுப் போனார். சம்பளத்தில் முன்பணம் வாங்கிக் கோட்டு எடுத்துவிட்டார் என்று பிறகு தெரிந்தது.

அதோடு முடியவில்லை. புறப்படும் நாளன்று விமான நிலையத்தில் மற்றப் பிள்ளைகளின் தாத்தா பாட்டிகளெல்லாம் வந்திருந்தனர். இவனுடைய பாட்டியை மட்டும் காணவில்லை. வளர்த்தவரே அவர்தான். ஏன் வரவில்லை என்று கேட்டேன். பையன் சொன்னான்: "பாட்டிகிட்ட நல்ல செருப்பு இல்ல சார். 'எல்லாரும் கோட்டுப் போட்டுட்டு நிப்பாங்க, நான் இந்தக் கோலத்துல வந்து நின்னா உனக்குத்தான்டா வெக்கம்'னு சொல்லிட்டாங்க." அந்த அம்மையார் நாகப்பட்டினத்தில் கப்பலேறியவர்களின் மகள். நாற்பது ஆண்டு பால்மரம் வெட்டியவர். வீட்டுக்கு மேலே நாள்தோறும் பறக்கும் விமானத்தில் தன் பேரன் ஏறுவதைப் பார்க்க, அரைமணி நேரத் தொலைவு வர முடியவில்லை. தடுத்தது எந்த விமான நிறுவனமும் இல்லை. ஓர் ஆசிரியர் எழுதிய ஒரு பக்கச் சுற்றறிக்கை.

கோட்டு அணிந்த நாங்கள் விமானத்தில் எப்படி நடந்துகொண்டோம் என்பதையும் கேளுங்கள். திரும்பி வரும்போது விமானம் தரையைத் தொட்டு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. இருக்கைப் பட்டை விளக்கு அணையவில்லை. பட பட வென்று பட்டைகள் கழன்றன. பாதிப் பேர் எழுந்துவிட்டனர். மேலே உள்ள பெட்டியை இழுக்க நானும் எழுந்தேன். என்னைப் பார்த்து என் மாணவர் அறுவரும் எழுந்தார்கள். பணிப்பெண் ஒலிபெருக்கியில் இரண்டு முறை கெஞ்சி, மூன்றாம் முறை அதட்டினார். கழுத்துப்பட்டை கட்டிய ஆசிரியரும் ஆறு மாணவரும் அசடு வழிய உட்கார்ந்தோம். எங்களுக்கு முன் வரிசையில் கைலி கட்டிய முதியவர் ஒருவர் இருந்தார். அவர் எழவேயில்லை. அவருக்கு முழங்கால் வலியாகவும் இருந்திருக்கலாம். அதைக் காட்டி நீதிக்கதை சொல்ல நான் வரவில்லை. நான் கற்பிக்க மறந்ததைத்தான் சொல்கிறேன். கோட்டுப் பொத்தானை எப்படிப் போடுவது என்று அரைமணி நேரம் பழக்கினேன். விளக்கு அணையும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும் என்று ஒரு நிமிடமும் சொல்லவில்லை.

உடையைக் கொண்டு ஆளை அளக்கும் வழக்கத்துக்கு எதிராக நம் தமிழ் மண்ணிலேயே இரண்டு சான்றுகள் உள்ளன. ஒன்று எல்லா ஆசிரியர்களும் வகுப்பில் சொல்வது. ஆனால் அது ஒரு பயணத்தில் பிறந்தது என்பதை விட்டுவிடுகிறோம். 1921 செப்டம்பரில் காந்தியடிகள் சென்னையிலிருந்து மதுரைக்கு இரயிலில் வந்தார். உடன் வந்த பயணிகளிடம் கதர் உடுத்துமாறு கேட்டார். கதர் வாங்குமளவுக்கு எங்களிடம் பணமில்லை என்று அவர்கள் விடை சொன்னார்கள். அவரோ சட்டை, தொப்பி, முழு வேட்டி என்று உடுத்தியிருந்தார். செப்டம்பர் 22ஆம் நாள் மதுரையில் அவற்றைக் களைந்து அரைவேட்டிக்கு மாறினார். சக பயணியைத் தன் உடைக்கு உயரச் சொல்வதை விட்டுவிட்டு, தாம் அவர்கள் நிலைக்கு இறங்கினார். அதே உடையில்தான் 1931இல் பிரிட்டிஷ் அரசரின் மாளிகைக்கும் போனார்.

மற்றொன்று 2014இல் நடந்தது. சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி து. அரிபரந்தாமன், ஒரு நூல் வெளியீட்டு விழாவுக்காகத் தமிழ்நாடு கிரிக்கெட் சங்க மன்றத்துக்கு வேட்டியில் சென்றபோது வாசலிலேயே தடுக்கப்பட்டார். தமிழ்நாட்டுத் தலைநகரில், தமிழ் நீதிபதிக்கு, தமிழர் உடைக்காகத் தடை! சட்டமன்றம் கொதித்தது. அடுத்த மாதமே, பொது இடங்களில் வேட்டி அணிந்து வருவோரைத் தடுக்கக் கூடாது என்று சட்டம் இயற்றினார்கள். மீறினால் ஓராண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. மன்றத்தின் உரிமமும் போகும். இச்செய்தி வந்தபோது இங்கும் நாம் எவ்வளவு பெருமைப்பட்டோம்! அதே நாம், திருச்சி விமானத்தில் வேட்டியையோ கைலியையோ கண்டால் முகம் சுளிக்கிறோம். நீதிபதியின் வேட்டி பண்பாடு. தோட்டத் தொழிலாளியின் கைலி பட்டிக்காடு. (நம் நாட்டில் அரசு அலுவலகம் ஒன்றுக்குக் குட்டைப் பாவாடையில் வந்த பெண்ணுக்கு 2015இல் கைலியைக் கொடுத்துக் கட்டிக்கொள்ளச் சொன்ன கூத்தும் நடந்தது. கைலி ஓரிடத்தில் மானம் காக்கிறது, ஓரிடத்தில் மானத்தை வாங்குகிறது.)

அப்படியானால் எந்த உடையிலும் வரலாமா என்று கேட்பீர்கள். இது நியாயமான கேள்வி. எனக்கும் எல்லைகள் உண்டு. வெறுங்காலை முன் இருக்கையின் கைப்பிடியில் நீட்டுகிறவனை நான் மன்னிக்க மாட்டேன். துவைக்காத உடை, பிள்ளைகள் படிக்கக் கூடாத வாசகம் எழுதிய சட்டை, இவையெல்லாம் அடுத்தவரைத் தொடுகின்றன. அமெரிக்காவின் ஸ்பிரிட் நிறுவனம் 2025 ஜனவரியில் தன் விதிகளைத் திருத்தியபோது உடல் தெரிய உடுத்துவதையும் ஆபாச வாசகங்களையும்தான் தடுத்தது, கோட்டுக் கேட்கவில்லை. 2017இல் யுனைடெட் நிறுவனம் இறுக்கமான காற்சட்டை அணிந்த இரு சிறுமியரை ஏற்ற மறுத்தபோது உலகமே கூச்சலிட்டது. பிறகுதான் தெரிந்தது, அவர்கள் பணியாளர் குடும்பச் சலுகைச் சீட்டில் பயணம் செய்தவர்கள். அந்த உடை விதி அத்தகையவர்களுக்கு மட்டும் உரியது. காசு கொடுத்துச் சீட்டு வாங்கியவனை எந்த நிறுவனமும் கழுத்துப்பட்டை கட்டச் சொல்வதில்லை.

மேலும், உடை எளிமையானதற்குக் காரணங்கள் இல்லாமல் இல்லை. 2001 டிசம்பரில் ஒருவன் காலணிக்குள் வெடிமருந்து வைத்து விமானத்தில் ஏறியதிலிருந்து, பல நாடுகளில் காலணியையும் இடுப்புப் பட்டையையும் கழற்றிக் காட்டச் சொன்னார்கள். மலிவுக் கட்டண விமானங்களில் இருக்கை வரிசைகளுக்கு இடையே இருப்பது 28, 29 அங்குலம். அதற்குள் நான்கு மணி நேரம் கோட்டோடு உட்காரச் சொல்வோர் முதலில் உட்கார்ந்து காட்டட்டும்.

ரப்பர் சிலிப்பர் வேண்டாம் என்று நானும் சொல்வேன். அதற்குக் காரணம் வேறு. விபத்து நேர்ந்தால் சிலிப்பர் காலைவிட்டுப் போய்விடும். கண்ணாடியும் உலோகமும் சிதறிய தரையில் ஓட முடியாது. அதே காரணத்துக்காகக் குதியுயர்ந்த காலணியும் வேண்டாம். அது அவசரச் சறுக்குப் பாதையைக் கிழித்துவிடும் என்பதால் கழற்றச் சொல்வார்கள். எளிதில் உருகி உடம்பில் ஒட்டும் செயற்கை இழை உடையைவிடப் பருத்தி நல்லது. இப்படிப் பார்த்தால், பொற்காலப் படத்தில் உள்ள சீமாட்டியைவிடப் பருத்திச் சேலையும் பட்டை வைத்த செருப்பும் அணிந்த நம் பாட்டியே சரியாக உடுத்தியவர்.

உயர்ந்த உடை உயர்ந்த நடத்தையைத் தரும் என்போர்க்கு ஒரே ஒரு செய்தி. 2022 நவம்பர் 26ஆம் நாள் நியூயார்க்கிலிருந்து டெல்லிக்கு வந்த ஏர் இந்தியா விமானத்தில், மது மயக்கத்தில் இருந்த ஆடவன் ஒருவன் மூதாட்டி ஒருவர்மேல் சிறுநீர் கழித்ததாகப் புகார் எழுந்து நாடே அதிர்ந்தது. அதைச் சரிவரக் கையாளாததற்காக நிறுவனத்துக்கு 30 இலட்ச ரூபாய் அபராதம் விதித்தார்கள். அது நடந்த இடம் விமானத்தின் கடைசி வரிசை இல்லை, வணிக வகுப்பு. 2009இல் இந்திய அமைச்சராக இருந்த சசி தரூர், சாதாரண வகுப்பை மாட்டு வகுப்பு என்று விளையாட்டாக எழுதி வாங்கிக் கட்டிக்கொண்டாரே, அந்த வகுப்பிலும் இல்லை.

எனில் விமானத்தில் ஒழுக்கம் என்பது எது? என் பார்வையில் அதற்கு உயிரே விலை.

2016 ஆகஸ்டு 3ஆம் நாள். திருவனந்தபுரத்திலிருந்து துபாய் சென்ற எமிரேட்ஸ் விமானம் ஓடுதளத்தில் மோதித் தீப்பிடித்தது. உள்ளே 300 பேர். உள்ளிருந்து எடுத்த காணொளியை நீங்களும் பார்த்திருக்கலாம். புகை சூழ்கிறது, பணியாளர்கள் பெட்டியை விட்டுவிட்டுக் குதிக்கச் சொல்லிக் கத்துகிறார்கள், பயணிகளோ மேலே திறந்து பையையும் மடிக்கணினியையும் தேடுகிறார்கள். அத்தனை பேரும் உயிர் தப்பியது பணியாளர்களின் திறத்தால். சில நிமிடங்களில் விமானம் வெடித்து, ஒரு தீயணைப்பு வீரர் இறந்தார். ஒரு விமானத்தின் வெளிவாயில்களில் பாதியை மட்டும் பயன்படுத்தி, 90 விநாடிக்குள் எல்லாரையும் வெளியேற்ற முடியும் என்று மெய்ப்பித்தால்தான் அந்த வகை விமானத்துக்குச் சான்றே தருகிறார்கள். ஒருவர் பெட்டி இழுக்கும் பத்து விநாடி, பின்னால் நிற்கும் எத்தனை பேருடைய விநாடி!

2024 ஜனவரி 2ஆம் நாள் தோக்கியோ ஹனேடாவில் இதைவிடக் கொடிய தீ. கடலோரக் காவற்படையின் சிறு விமானத்தில் மோதி, ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம் எரிந்து சாம்பலானது. சிறு விமானத்தில் இருந்த அறுவரில் ஐவர் இறந்தனர். பெரிய விமானத்தில் இருந்த 379 பேரும் வெளியே வந்தனர். பைகளை உள்ளேயே விட்டுவிட்டு, சொன்னதைக் கேட்டு, வரிசையாக வந்தார்கள். அவர்கள் என்ன உடை அணிந்திருந்தார்கள் என்று யாருக்காவது நினைவிருக்கிறதா?

சிறிய ஒழுக்கங்களும் உள. பணிப்பெண்ணைச் சொடக்குப் போட்டு அழைப்பது, சிறுமி வயதினரை 'ஏய்' என்பது, கைப்பேசியில் படத்தை ஊரறிய ஓடவிடுவது, இவற்றைச் செய்வோரில் பட்டுச் சட்டைக்காரரும் உண்டு. திருச்சி விமானத்தில் நான் பலமுறை கண்ட ஒரு காட்சியும் உண்டு. குடிநுழைவு அட்டையை வைத்துக்கொண்டு படிக்கத் தெரியாத பாட்டி ஒருவர் இப்பக்கமும் அப்பக்கமும் பார்ப்பார். "தம்பி, இத கொஞ்சம் எழுதிக் குடுப்பா" என்பார். பக்கத்தில் நன்றாக உடுத்திய ஒருவர் கண்ணை மூடிக்கொள்வார். சற்று முன்புவரை விழித்திருந்தவர். அந்தப் பாட்டி கடைசியில் பணிப்பெண்ணிடம் போய் நிற்பார். மலாயிலும் ஆங்கிலத்திலும் மட்டும் அறிவிப்புச் செய்துவிட்டு, புரியாமல் எழுந்து நிற்கும் முதியவரைப் பார்த்து 'நம்மாள் திருந்தமாட்டான்' என்று சிரிக்கிறோம். சொல்லிக் கொடுத்தோமா?

இவ்வாண்டு எங்கள் மாணவர் எண்மர் மறுபடியும் பறக்கிறார்கள். சுற்றறிக்கையை நான்தான் எழுதினேன். உடை பற்றி இரண்டு வரிகள்: பள்ளிச் சீருடை போதும், பள்ளிக்கு அணியும் கறுப்புக் காலணியே போதும். அதற்குக் கீழே, வகுப்பறை நாற்காலிகளை மூன்று மூன்றாக அடுக்கி ஒரு மணி நேரம் பயிற்சி நடத்துகிறோம், பெற்றோரும் வரலாம் என்று எழுதினேன். பட்டை போடுவது, விளக்கு அணையும்வரை உட்கார்ந்திருப்பது, பெட்டியை விட்டுவிட்டு வெளியேறுவது, பக்கத்துப் பாட்டிக்கு அட்டை நிரப்பித் தருவது ஆகியவை பாடம். கடைசி வரி: 'வழியனுப்ப வரும் தாத்தா பாட்டியர் வீட்டில் உடுத்தும் உடையிலேயே வரலாம், அவர்களுக்கு முன்வரிசை.'

பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் இதற்கு எதிர்ப்பு வந்திருக்கிறது. கோட்டு இல்லாமல் நாளிதழ்ப் படம் எடுப்பாக இராதாம். இராதுதான். அடுத்த கூட்டம் வரும் வெள்ளிக்கிழமை. நான் எழுதியதை மாற்றப் போவதில்லை.